பஞ்சம் என்று யார் சொல்வது?

2025 ஆகஸ்ட் 22 அன்று, காஸா நகரத்திலும் அதைச் சுற்றியுள்ள பகுதியிலும் பஞ்சம் நிலவுகிறது என்று ஐ.பி.சி. அறிவித்தது. ஐ.நா. அமைப்புகளின் துணையோடு இயங்கும் உணவுப் பாதுகாப்பு மதிப்பீட்டு ஏற்பாடு அது. அன்றைக்கே இஸ்ரேல் மறுத்தது. அதற்கு ஓராண்டு முன்பு, 2024 ஆகஸ்டில், சூடானின் ஜம்ஜம் முகாமைப் பற்றி இதே முடிவு வந்தபோது சூடான் அரசு மறுத்தது. அந்த ஆண்டு டிசம்பரில் அந்த ஏற்பாட்டில் பங்கேற்பதையே நிறுத்திக்கொண்டது. இத்தகைய செய்திகளின் வால் பிடித்துக்கொண்டு ஒரு வாக்கியம் தவறாமல் வரும்: வரலாற்றிலிருந்து மனிதர்கள் பாடம் கற்பதே இல்லை.

எனக்கு அந்த வாக்கியத்தின் மேல் நம்பிக்கை கிடையாது. யாரையும் குறிப்பிட்டுக் குற்றம் சொல்லாமல் எல்லோரையும் ஒரேயடியாகத் திட்டிவிட்டுப் போக அது வசதியாக இருக்கிறது, அவ்வளவுதான். அதைச் சோதித்துப் பார்க்கப் பஞ்சத்தைவிடப் பொருத்தமான விஷயம் இல்லை. போரைப் பற்றியும் சர்வாதிகாரத்தைப் பற்றியும் வரலாறு என்ன கற்பிக்கிறது என்று ஆளுக்கொன்று சொல்லலாம். பஞ்சத்துக்கு மட்டும்தான், அதுவும் இந்தியாவில், பாடத்தை எழுதி, பிரிவு பிரிவாக எண் போட்டு, சட்டத்தொகுப்பாக்கி, கலெக்டரின் மேசையில் வைத்தார்கள். அதனால் கற்றார்களா இல்லையா என்று ஆளையும் ஆண்டையும் சொல்லியே விசாரிக்க முடியும்.

பிரிட்டிஷ் அதிகாரி ரிச்சர்ட் டெம்பிளிடமிருந்து தொடங்குவோம். 1866-இல் ஒடிசாவில் பஞ்சம் வந்தபோது, அரிசி வாங்கி இறக்குவது அரசின் வேலையல்ல, விலை ஏறினால் வியாபாரி தானே கொண்டுவருவான் என்று கல்கத்தா காத்திருந்தது. மழைக்காலம் தொடங்கித் துறைமுகங்கள் அடைபட்ட பிறகு, கொண்டுவர நினைத்தாலும் வழியில்லாமல் போயிற்று. ஏறக்குறையப் பத்து லட்சம் பேர், அந்தப் பகுதியின் மக்களில் சுமார் மூன்றில் ஒரு பங்கு, செத்தார்கள். அந்த அவமானம் ஆறுவதற்குள் 1873-இல் பிகாரில் மழை பொய்த்தது. இந்தமுறை பர்மாவிலிருந்து நாலரை லட்சம் டன் அளவுக்கு அரிசி இறக்குமதி ஆனது. நிவாரணத்தை நடத்தியவர் டெம்பிள். பட்டினிச் சாவு அநேகமாக இல்லாமலே அந்தப் பஞ்சம் கடந்துபோனது. பாடம் கற்றதற்கு இதைவிட நல்ல சாட்சி பத்தொன்பதாம் நூற்றாண்டு இந்தியாவில் எனக்குத் தெரிந்து இல்லை.

அதற்கு அவருக்குக் கிடைத்த பெயர் ஊதாரி. லண்டனில் 'எக்கனாமிஸ்ட்' பத்திரிகை உட்படப் பலரும் செலவைக் கண்டித்தார்கள். ஆட்கள் சாகாததே பஞ்சம் அவ்வளவு கடுமையாக இல்லை என்பதற்கு ஆதாரமாயிற்று. 1877 ஜனவரியில் வைஸ்ராய் லிட்டன் அதே டெம்பிளைப் பஞ்சப் பிரதிநிதியாக மதராஸ் மாகாணத்துக்கு அனுப்பினார். வந்தவர் வேறு ஆளாக இருந்தார். நிவாரண வேலைக்கு வரும் ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியம், அதாவது சுமார் 450 கிராம், கையில் கொஞ்சம் சில்லறை. பெண்ணுக்கும் பிள்ளைக்கும் இன்னும் குறைவு. மாகாணத்தின் சுகாதார ஆணையர் வில்லியம் கார்னிஷ் கடுமையாக எதிர்த்தார். மண் வெட்டுகிறவனுக்கு ஒன்றரைப் பவுண்டு தானியமாவது வேண்டும், கூடவே பருப்பும் காய்கறியும் வேண்டும் என்றார். மார்ச்சில் மாகாண அரசு பாதி தூரம் இறங்கிவந்து 570 கிராமும் கொஞ்சம் பருப்பும் என்று மாற்றியது. பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதிகளில் மட்டும் அந்தப் பஞ்சத்தில் ஐம்பது லட்சத்துக்கு மேல் மாண்டார்கள் என்பது பரவலாக ஏற்கப்படும் மதிப்பீடு. பிழைத்தவர்களில் ஒரு பகுதி இலங்கைத் தோட்டங்களுக்கும் இன்னும் தொலைவான கடல் நாடுகளுக்கும் கப்பல் ஏறியது. தாது வருஷப் பஞ்சம் என்று நம் ஊர்ப்புறங்களில் வெகுகாலம் பேசப்பட்டது இதுதான்.

இங்கே மறதிக்கு எங்கே இடம்? மூன்றே ஆண்டு இடைவெளி, ஒரே மனிதர். ஒடிசா நினைவிருந்தது, பிகாரில் செய்து காட்டியதும் நினைவிருந்தது. எந்தக் காரியத்துக்காகத் திட்டு விழுந்ததோ அது எல்லாவற்றையும்விட நன்றாக நினைவிருந்தது. வரலாறு அவருக்கு இரண்டு பாடங்களை வைத்திருந்தது. பணம் கொடுக்கிறவர் எதை விரும்பினாரோ அதை எடுத்துக்கொண்டார். ஆகவே 'கற்கவில்லை' என்ற குற்றச்சாட்டு முதல் சாட்சியிடமே நிற்கவில்லை. கற்றார்கள். தவறான இடத்திலிருந்து கற்றார்கள்.

அந்தப் பஞ்சத்தைப் பற்றிச் சிவகங்கைப் புலவர் வில்லியப்ப பிள்ளை 'பஞ்சலட்சணத் திருமுக விலாசம்' என்று ஓர் அங்கத நூல் எழுதினார். குறைதீர்க்கச் சொல்லித் தன்னிடம் வந்து நிற்கும் மக்களைச் சமாளிக்க முடியாமல், மதுரைச் சொக்கநாதரே சிவகங்கை ஜமீன்தாருக்குக் கடிதம் எழுதுவதாக அதன் அமைப்பு. நகைச்சுவைதான். ஆனால் பசித்தவன் யாரிடம் போய்க் கேட்பது, கேட்கப்பட்டவர் அதை யார் தலையில் கட்டுவது என்ற கேள்வியை அன்றைய அரசாங்கக் குறிப்புகள் பலவற்றைவிடச் சரியாகப் பிடித்தவர் அவர் என்பது என் எண்ணம்.

1878-இல் ரிச்சர்ட் ஸ்ட்ராச்சி தலைமையில் பஞ்ச ஆணையம் அமைந்தது. 1880-இல் அறிக்கை வந்தது. 1883-இல் பஞ்ச விதித்தொகுப்பின் முன்மாதிரி வெளியாகி, அதை ஒட்டி மாகாணங்கள் தத்தம் தொகுப்புகளை எழுதிக்கொண்டன. இதைச் செய்தது கருணை மட்டும் அல்ல. ஒவ்வொரு பஞ்சத்திலும் செலவு தாறுமாறாக ஓடுவதைக் கட்டுக்குள் கொண்டுவர வேண்டும், நில வரி வசூல் நிலைகுலையக் கூடாது என்ற கணக்குப்பிள்ளையின் கவலையும் அதில் இருந்தது. கூலி பிழைப்புக்கு மட்டும் போதுமான அளவு. உண்மையாகவே வேறு வழியற்றவன்தான் வரவேண்டும் என்பதற்காக வேலையைக் கடினமாக வைப்பது அதன் கொள்கை. இவ்வளவு கஞ்சத்தனமான நோக்கத்திலிருந்து பிறந்த தொகுப்பைத்தான் இந்தியப் பஞ்ச வரலாற்றின் மிக முக்கியமான கண்டுபிடிப்பு என்று நான் மதிக்கிறேன்.

காரணம் அதன் இயங்குமுறை. மழை அளவு, தானிய விலை, திருட்டு வழக்குகள், ஊரைவிட்டுப் போகிறவர்களின் நடமாட்டம் ஆகியவற்றைக் கீழ்மட்ட அலுவலர்கள் கவனித்து மேலே எழுத வேண்டும். நிலைமை சந்தேகத்துக்கிடமானால் சோதனை வேலை திறக்க வேண்டும்: குறைந்த கூலிக்கு, வெயிலில், கல்லுடைக்கவோ ஏரி தூர்வாரவோ. கூட்டம் வராவிட்டால் பஞ்சம் இல்லை. வந்து குவிந்தால் உண்டு. பஞ்சமா இல்லையா என்று ஓர் அதிகாரி ஆராய்ந்து தீர்ப்புச் சொல்வதற்குப் பதில், அந்தக் கூலிக்கு அந்த வேலைக்கு வந்து நிற்கும் ஆட்களின் கால்களே தீர்ப்பைச் சொல்லிவிடும். பசித்தவனின் சொல்லுக்கு ஆட்சியில் முதல்முறையாக ஓர் இடம் கிடைத்தது, அவன் வாயைத் திறக்காமலே.

ஓட்டை ஒன்று இருந்தது. கூட்டம் குவிந்த பிறகு, 'பஞ்சம் அறிவிக்கப்படுகிறது' என்று மாகாண அரசு கையெழுத்திட வேண்டும். அந்தக் கையெழுத்து விழுந்தால்தான் தொகுப்பின் பெரிய கடமைகள் உயிர்பெறும். கால்கள் சொன்ன தீர்ப்பை உறுதிசெய்யும் உரிமை, செலவு செய்ய வேண்டியவர் கையிலேயே நின்றது.

விதித்தொகுப்பு வந்த பிறகும் 1896-97-இலும் 1899-1900-இலும் மக்கள் லட்சக்கணக்கில் செத்தார்கள். அதைக் காட்டித் தொகுப்பு வெறும் காகிதம் என்று சொல்கிறவர்கள் உண்டு. எனக்கு அது அவசர முடிவாகப் படுகிறது. வைஸ்ராய் கர்சன் காலத்தில் நிவாரணச் சோதனைகளை இறுக்கியதற்கும், பலவீனப்பட்ட உடல்களில் காலராவும் மலேரியாவும் புகுந்ததற்கும் அதில் பங்குண்டு. அந்தோணி மெக்டொனல் ஆணையம் 1901-இல் தந்த அறிக்கைக்குப் பின் தொகுப்புகள் திருத்தப்பட்டன. 1907-08-இல் ஐக்கிய மாகாணங்களில் வறட்சி வந்தபோது நிவாரணம் முன்னதைவிடத் தாராளமாகவும் சீக்கிரமாகவும் நடந்தது. அதன்பின் முப்பத்தைந்து ஆண்டு இந்தியாவில் பெரும் பஞ்சம் இல்லை. ரயில் பாதைகளும், கொஞ்சம் மழையின் தயவும் சேர்ந்துதான் இது நடந்தது. முழுப் பெருமையையும் தொகுப்புக்குக் கொடுத்துவிட முடியாது. இருந்தாலும் கைக்கு எட்டிய ஒரு விதி இருந்தது, அதைப் பயன்படுத்தப் பழகிய அலுவலர்கள் இருந்தார்கள்.

அதனால்தான் 1943 வங்காளம் மிகக் கனமான சாட்சி. ஜப்பான் பர்மாவைப் பிடித்ததால் அரிசி வரத்து நின்றது. எதிரி கைக்குப் போய்விடக் கூடாது என்று கடலோர மாவட்டங்களில் அரசே படகுகளையும் நெல்லையும் அகற்றியிருந்தது. 1942 அக்டோபரில் மேதினிப்பூரைப் புயல் அடித்தது. யுத்தச் செலவில் விலை ஏறியது; பதுக்கல் பெருகியது. கிராமக் கூலிகளும் மீனவர்களும் கல்கத்தா நடைபாதைகளுக்கு வந்து செத்தார்கள். பஞ்சத்தை விசாரித்த உட்ஹெட் ஆணையம் சாவை 15 லட்சம் என்று கணக்கிட்டது. பிற்கால ஆய்வுகள் பலவும் 30 லட்சத்தை ஒட்டிச் சொல்கின்றன. இத்தனைக்கும் நடுவில் வங்காள அரசு பஞ்சத்தை அறிவிக்கவே இல்லை. விதித்தொகுப்பு அலமாரியில் இருந்தது. தற்காலிக ஆளுநராக இருந்த தாமஸ் ரதர்ஃபோர்டு அந்த அக்டோபரில் வைஸ்ராய்க்கு எழுதிய கடிதத்தில் காரணத்தை ஒளிக்கவில்லை: தொகுப்பை அமல்படுத்தினால் அதில் குறித்த அளவு உணவைக் கொடுக்க வேண்டும், கொடுக்க உணவு இல்லை, ஆகவே அமல்படுத்தவில்லை.

இந்தக் காரணத்தை நிதானமாகப் பார்க்க வேண்டும். தொகுப்பு எதைக் கோருகிறது என்று நன்றாகத் தெரிந்திருந்ததால்தான் அதைத் தொடாமல் இருந்தார்கள். 1877-இன் பாடம் மறக்கப்படவில்லை. மிகத் துல்லியமாக நினைவிருந்து, அந்த நினைவே வாயைக் கட்டிப்போட்டது.

இங்கே பொருளியலாளர் அமர்த்தியா சென்னை எதிர்கொள்ளாமல் மேலே போக முடியாது. 1981-இல் வந்த 'வறுமையும் பஞ்சங்களும்' நூலில் அவர், உணவு மொத்தமாகக் குறைவது பஞ்சத்துக்குக் கட்டாயக் காரணம் அல்ல, அதை வாங்கும் சக்தியைச் சிலர் இழப்பதே காரணம் என்று வங்காளத்தை வைத்து வாதிட்டார். பிறகு அதன் தொடர்ச்சியாகச் சுதந்திரமான பத்திரிகையும் போட்டித் தேர்தலும் உள்ள நாட்டில் பெரும் பஞ்சம் வந்ததில்லை என்றார். பஞ்ச வரலாற்றின் பாடம் என்று இன்று உலகம் முழுதும் ஒப்பிக்கப்படுவது இதுதான். முதல் பகுதியைப் பெரும்பாலும் ஏற்கிறேன். இரண்டாவது பகுதி உண்மையாக இருக்கலாம், ஆனால் போதாது.

வங்காளத்திலேயே அதைச் சோதிக்கலாம். 'ஸ்டேட்ஸ்மன்' ஆசிரியர் இயன் ஸ்டீபன்ஸ், யுத்தகாலத் தணிக்கையில் படங்களுக்குத் தடை சொல்லப்படாததைப் பயன்படுத்திக்கொண்டு, 1943 ஆகஸ்ட் 22 ஞாயிறன்று கல்கத்தாத் தெருக்களின் புகைப்படங்களை அச்சிட்டார். (காஸா அறிவிப்பும் ஆகஸ்ட் 22-தான். தற்செயல், அதில் தேட ஒன்றுமில்லை.) படங்கள் டில்லியையும் லண்டனையும் உலுக்கின. அக்டோபரில் வைஸ்ராயாக வந்த வேவல் ராணுவத்தை நிவாரணத்தில் இறக்கினார். ஆனாலும் சாவு உச்சத்துக்குப் போனது டிசம்பரில். அந்த மாகாணத்தில் தேர்ந்தெடுக்கப்பட்ட அமைச்சரவையும் இருந்தது. அதன் உணவு வழங்கல் அமைச்சர் சுஹ்ரவர்தி பற்றாக்குறை இல்லை என்று பொதுமேடையில் சொல்லிக்கொண்டிருந்தார். வாக்குரிமை குறுகியது, யுத்தகாலம், மேலே அந்நிய ஆட்சி என்று சென் பக்கம் பேசுவோர் சொல்வார்கள். நியாயம்தான். ஆயினும் பத்திரிகை கண்ணைத் திறக்கும். களஞ்சியத்தைத் திறக்க வேறொன்று வேண்டியிருக்கிறது.

சுதந்திரத்துக்குப் பிறகு அந்த வேறொன்றைத் தேடிய கதை நேர்க்கோட்டில் போகவில்லை. 1963-இல் மகாராஷ்டிரம், தன் மாநிலச் சட்டங்களில் எங்கெல்லாம் பஞ்சம் என்று இருந்ததோ அங்கெல்லாம் அதை நீக்கிப் பற்றாக்குறை என்று போடுவதற்காகவே ஒரு தனிச் சட்டம் இயற்றியது. நவீன விவசாய மாநிலத்தில் இனி அது நடக்க விடமாட்டோம் என்ற தோரணை அதில் இருந்தது. பிகாரிலோ 1966-67 வறட்சியில் காங்கிரஸ் ஆட்சி தயங்கிக்கொண்டிருந்தது. பிப்ரவரித் தேர்தலில் அது தோற்று, மகாமாயா பிரசாத் சின்ஹா தலைமையில் வேறு ஆட்சி வந்த பின் ஏப்ரலில்தான் பஞ்சம் அறிவிக்கப்பட்டது. சென்னின் வாதத்துக்கு இது நல்ல சாட்சி என்பார்கள். எனக்கு இரண்டு பக்கமும் தெரிகிறது. தேர்தல் உதவியது, அதே சமயம் ஒரு வயிறு நிறைவதற்கு ஓர் ஆட்சி மாற வேண்டியிருந்தது.

உண்மையான திருப்பம் நடந்தது, பஞ்சம் என்று சொல்லச் சட்டத்தில் வழியில்லாமல் செய்துகொண்ட அதே மகாராஷ்டிரத்தில். 1970-களின் தொடக்கத்தில் அங்கே தொடர்ந்து மழை தவறியது. 1973 கோடையில் நிவாரண வேலைகளில் ஐம்பது லட்சத்தை நெருங்கி ஆட்கள் நின்றார்கள். அவர்கள் யாரோ கூட்டி வந்தவர்கள் அல்லர். வேலை திறக்கச் சொல்லி அலுவலகங்களை முற்றுகையிட்டார்கள், ஊர்வலம் போனார்கள், கூலி தாமதமானால் வேலைநிறுத்தம் செய்தார்கள். அந்த அனுபவத்திலிருந்து 1977-இல் வேலை உறுதிச் சட்டம் பிறந்தது. டெம்பிள் மதராஸில் இறங்கிச் சரியாக நூறு ஆண்டு. அதில் அறிவிப்பு என்ற படியே இல்லை. வறட்சியா, பஞ்சமா, பற்றாக்குறையா என்று யாரும் யாரிடமும் கேட்க வேண்டாம். வேலை வேண்டும் என்று ஒருவர் கேட்டால் பதினைந்து நாளில் தரவேண்டும், இல்லையென்றால் படி தரவேண்டும். 1883-இன் ஓட்டையை அடைத்த சட்டம் அது. 2005-இல் அதுவே நாடு முழுவதற்குமான சட்டமாகி, நம்மூரில் நூறு நாள் வேலை ஆயிற்று.

இந்த வாதத்துக்கு வரலாறு தானாகவே ஒரு பரிசோதனையையும் நடத்திக் கொடுத்தது. 2020 மார்ச் 24 இரவு நான்கு மணி நேர அவகாசத்தில் நாடு பூட்டப்பட்டது. அப்போது அரசுக் கிடங்குகளில் விதிமுறை கேட்கும் அளவைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல் தானியம் இருந்தது. பத்திரிகை இருந்தது, தொலைக்காட்சி ஒவ்வோர் இரவும் நெடுஞ்சாலைகளில் நடந்தவர்களைக் காட்டியது, பாராளுமன்றம் இருந்தது, தேர்தல் இருந்தது. ரேஷன் அட்டை ஊரில் கிடக்க, வெளியூரில் அகப்பட்டுக்கொண்ட தொழிலாளர்களுக்கு இலவச தானியம் என்று மத்திய அரசு அறிவித்தது மே 14 அன்று. ஏழு வாரம். அதற்குள் மே 8-ஆம் தேதி ஔரங்காபாத் அருகே தண்டவாளத்தில் படுத்துறங்கிய பதினாறு பேர் மேல் சரக்கு ரயில் ஏறிவிட்டது. வழியில் செத்த தொழிலாளர்கள் எத்தனை பேர் என்று செப்டம்பரில் பாராளுமன்றத்தில் கேட்டதற்கு, அப்படிக் கணக்கு இல்லை என்று பதில் வந்தது.

அதே ஆண்டு, அதே அரசு. எப்படியோ ஊர் போய்ச் சேர்ந்தவர்களில் வேலை அட்டை கையில் இருந்தவர்கள் மனு எழுதிக் கொடுத்தார்கள். அந்த நிதியாண்டில் நூறு நாள் வேலைக்குப் போனவர்கள் சுமார் 11 கோடிப் பேர். கூடுதலாக 40,000 கோடி ரூபாய் ஒதுக்கினார்கள். அதற்கு யாரும் நெருக்கடி என்று அறிவிக்கக் காத்திருக்கவில்லை. கேட்பதற்கான உரிமை 2005-லேயே எழுதி வைக்கப்பட்டிருந்தது. நெடுஞ்சாலையில் நடந்தவருக்கு ஒருவர் மனம் இரங்க வேண்டியிருந்தது, ஏரிக்கரையில் மண்வெட்டியோடு நின்றவருக்கு அது தேவைப்படவில்லை. சென்னின் பாடத்தையும் 1977-இன் பாடத்தையும் ஒரே துலாக்கோலில் நிறுத்திய ஆண்டு அது. இரண்டாவது பக்கம் தாழ்ந்தது சந்தேகத்துக்கிடமில்லாமல்.

எல்லாப் பசிக்கும் இந்த முடிவைப் பொருத்த முயல்வதுதான் வரலாற்றுப் பாடம் சொல்கிறவர்கள் வழக்கமாகச் செய்யும் பிழை. ஐ.பி.சி.யின் பஞ்ச வரையறைக்கு மூன்று அளவுகோல்கள்: ஐந்தில் ஒரு குடும்பத்துக்கு உணவு அறவே போதாமை, நூற்றுக்கு முப்பது குழந்தைகளுக்குக் கடும் ஊட்டக்குறைவு, பத்தாயிரம் பேருக்கு நாளொன்றுக்கு இரண்டு சாவு. மூன்றும் நிரூபணமாகும்போது நேரம் கடந்திருக்கும். 2011 சோமாலியப் பஞ்சத்தில் இறந்த ஏறக்குறைய 2.6 லட்சம் பேரில் பாதிப்பேர் ஜூலை 20 அறிவிப்புக்கு முன்பே இறந்துவிட்டார்கள். அறிவிப்பு வந்த பிறகும் சட்டப்படி யாருக்கும் எந்தக் கடமையும் உண்டாவதில்லை. சோதனை வேலை வரை வந்து நின்றுவிட்ட விதித்தொகுப்பு என்று அதைச் சொல்லலாம்.

காஸாவை 1943 வங்காளத்தோடு ஒப்பிட்டு எழுதியவர்கள் பலர். எனக்கு உடன்பாடில்லை. வங்காளத்தில் ஆட்சியாளர்கள் கைவிட்டார்கள். காஸாவில் உணவு எல்லைக்கு வெளியே லாரிகளில் இருந்தது. வாசல் யார் கையில் என்பதுதான் விஷயம். பட்டினியைப் போர்முறையாகப் பயன்படுத்தியது என்ற குற்றச்சாட்டும் சேர்ந்துதான் 2024 நவம்பரில் சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம் இஸ்ரேல் பிரதமர் நெதன்யாகுவுக்கும் முன்னாள் பாதுகாப்பு அமைச்சர் கல்லந்துக்கும் பிடியாணை பிறப்பித்தது. இஸ்ரேல் அதை ஏற்கவில்லை. ஒப்பிட வேண்டுமானால் லெனின்கிராட் முற்றுகையோடு ஒப்பிட வேண்டும். போர்நிறுத்தத்துக்குப் பின் உணவு உள்ளே போகத் தொடங்கியதும், 2025 டிசம்பரில் அதே ஐ.பி.சி., இப்போது அங்கே பஞ்ச நிலை இல்லை என்றது. ஆகஸ்ட் அறிவிப்பு செய்யாததை வாசல் திறந்தது செய்தது. அங்கே விதித்தொகுப்பின் பாடம் செல்லாது. பசியை உண்டாக்குகிறவரிடமே நிவாரணக் கடமையை ஒப்படைக்கும் சட்டம் எங்கும் வேலை செய்யாது. சூடானுக்கும் இது பொருந்தும்.

நம்மிடம் கதை வேறு. 2025 டிசம்பரில் நூறு நாள் வேலைச் சட்டத்தை நீக்கிவிட்டு அதன் இடத்தில் புதிய சட்டத்தைப் பாராளுமன்றம் நிறைவேற்றியது. நூறு நாள் நூற்றிருபத்தைந்து நாளாகிறது. செலவில் மத்திய அரசுக்கு 60, பெரும்பாலான மாநிலங்களுக்கு 40 என்று பங்கு. ஒவ்வொரு மாநிலத்துக்கும் எவ்வளவு என்பதை மத்திய அரசு முன்கூட்டியே நிர்ணயிக்கும்; அதற்கு மேல் போனால் மாநிலம் பார்த்துக்கொள்ள வேண்டும். விதைப்பு, அறுவடைக் காலத்தில் அறுபது நாள் வரை வேலையை நிறுத்தி வைக்கலாம். மத்திய அரசு அறிவிக்கும் ஊரகப் பகுதிகளில்தான் உத்தரவாதம் செல்லும்.

பழைய சட்டம் கோயில் அல்ல. போலிப் பதிவேடுகள் இருந்தன, மரத்தடியில் பொழுது போக்குவது பற்றிய கேலியில் கொஞ்சம் உண்மையும் இருந்தது, நடவுக்கு ஆள் கிடைப்பதில்லை என்ற சிறு விவசாயியின் முறையீடு போலியானது அல்ல. தவிர, அந்தச் சட்டம் இருக்கும்போதே அதன் கழுத்து நெரிக்கப்பட்டது. 2022 மார்ச்சிலிருந்து மேற்கு வங்காளத்துக்கு நிதி நிறுத்தப்பட்டு, உயர் நீதிமன்றம் உத்தரவிட வேண்டியிருந்தது. 2025 தொடக்கத்தில் நாலாயிரம் கோடிக்கு மேல் பாக்கி என்று தமிழ்நாடு முறையிட்டது. ஒழுங்குபடுத்த வேண்டும் என்ற வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியாது.

ஆனால் புதிய சட்டத்தை எதை வைத்து எடை போடுவது? நாட்களின் எண்ணிக்கையை வைத்து அல்ல. நூறு நாள் இருந்தபோதே ஒரு குடும்பத்துக்குச் சராசரியாகக் கிடைத்தது ஐம்பது நாளை ஒட்டித்தான். உச்சவரம்பை நூற்றிருபத்தைந்துக்கு உயர்த்துவது காகிதத்தில் பெருந்தன்மை. கேட்டால் தரவேண்டும் என்ற கடமை யார் பணப்பையில் விழுகிறது, எப்போது விழுகிறது என்பதை வைத்தே எடை போட வேண்டும். மழை நன்றாகப் பெய்த ஆண்டுக்கு முன்கூட்டிய ஒதுக்கீடு போதும். மழை பொய்த்த ஆண்டில் மனுக்கள் குவியும்போது அது சீக்கிரம் தீரும். பிறகு வரும் மனு ஒவ்வொன்றும் வறட்சியில் வரி வருவாய் குறைந்துபோன மாநிலத்தின் தலையில் ஏறும். விதைப்புக் கால இடைவெளி, விதைப்பு நடக்கும் ஆண்டுக்காக எழுதப்பட்டது. விதைப்பே இல்லாத ஆண்டில் கூலிக்காரருக்கு வயலிலும் வேலை இல்லை, ஏரியிலும் இல்லை. பேரிடர் காலத்தில் தளர்வு தர இடமிருக்கிறது என்று அரசு சொல்கிறது. இருக்கலாம். தளர்வு என்பது ஒருவர் கேட்டு, இன்னொருவர் பரிசீலித்து, மூன்றாமவர் கையெழுத்திட்டுக் கொடுப்பது. மகாராஷ்டிரத்துப் போராட்டங்களின் பின் 1977-இல் எடுத்தெறியப்பட்ட அந்தக் கையெழுத்து இப்போது மூன்று இடங்களில் திரும்பி வந்திருக்கிறது: பகுதியை அறிவிப்பதில், தொகையை நிர்ணயிப்பதில், தளர்வு தருவதில்.

ஆகவே என் முடிவு, 2005 சட்டத்தைவிட 2025 சட்டம் பின்தங்கியது என்பது. நல்ல ஆண்டுகளில் இது தெரியாது. வழங்கிய நாட்களின் கணக்கு கூடியும் போகலாம், அதைக் காட்டி நான் சொன்னது தவறு என்று வாதிடவும் செய்யலாம். அந்தக் கணக்கை ஏற்கமாட்டேன். அடுத்த பெரிய வறட்சி ஆண்டில் ஒதுக்கீடு தீர்ந்துபோன ஒரு மாநிலத்தில், அறுபது நாள் இடைவெளியின் நடுவே, ஒருவர் கொடுத்த மனுவுக்குப் பதினைந்து நாளில் வேலை கிடைத்து, அதற்கான செலவை யாரும் போய்க் கெஞ்சாமல் டில்லி ஏற்றுக்கொண்டால், அன்றைக்கு இந்த முடிவைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.